பீன்ஸ் இலைகளில் துருப் பொடி

கேள்வி: பசுமைக்குடிலில் கொடி பீன்ஸ் வளர்க்கிறேன். பூக்கத் தொடங்கும் வேளையில் இலைகளின் அடிப்புறத்தில் செம்பழுப்பு நிறக் கொப்புளங்கள் தோன்றி, இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. இரசாயனப் பூசணக்கொல்லிகளைத் தவிர்க்க விரும்பி, நீர் கலந்த பாலையும் சமையல் சோடாவையும் மாறி மாறித் தெளித்தேன்; பயனில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் துரு நோய். உறுதி செய்துகொள்ள, ஈரமற்ற வெள்ளைத் துணியால் இலையின் அடிப்புறத்தை மெல்லத் துடைத்துப் பாருங்கள். இரும்புத் துருவைப் போன்ற பொடி துணியில் ஒட்டினால் ஐயமில்லை. அந்தப் பொடி முழுவதும் பூசண வித்துகளே. பாலும் சோடாவும் இலையின் மேல் வெண்பொடியாகப் படரும் சாம்பல் நோய்க்கு ஓரளவு கைகொடுப்பவை. துருப் பூசணமோ இலைத் திசுவுக்குள் புகுந்து வளர்வது. கொப்புளம் வெடித்த பிறகு அவற்றை எத்தனை முறை தெளித்தாலும் உள்ளே எட்டாது.

துரு வித்து முளைத்து இலைத்துளை வழியாக உள்ளே நுழைய, இலை ஏறத்தாழ 10 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். 17 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை அதற்கு மிகவும் ஏற்றது. நுழைந்த 10 முதல் 15 நாள்களில் புதிய கொப்புளங்கள் வெடித்து, அடுத்த தலைமுறை வித்துகள் பறக்கத் தொடங்கிவிடும். மழையே விழாத குடிலுக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, விடியற்காலையில் உள்ளே சென்று பாருங்கள். இரவில் குளிர்ந்த இலைகளின் மீது காற்றின் ஈரப்பதம் பனித்துளியாகப் படிந்திருக்கும். கூரைத் தாளில் கோத்த துளிகளும் ஒவ்வொன்றாக இலைமேல் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த ஈரம் எத்தனை மணிக்கு உலர்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எந்த மருந்தையும்விட அந்தக் குறிப்பே உங்களுக்கு உதவும் என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீரைக் காலையிலேயே, சொட்டுநீராக வேருக்கு மட்டும் விடுங்கள். பகலெல்லாம் செடிகள் வெளியிட்ட ஈரக் காற்று இரவு முழுவதும் உள்ளேயே தங்கிவிடாதபடி, பொழுது சாய்வதற்குள் பக்கத் திரைகளைத் திறந்து அதை வெளியேற்றுங்கள். விசிறி இருந்தால் இரவிலும் மெதுவாக ஓடட்டும். நெருக்கமான வரிசைகளில் தரையை ஒட்டிய முதிர்ந்த இலைகளை நீக்கினால், கொடிகளுக்கிடையே காற்று ஓடும். நோயுற்ற இலையைப் பறிக்கும் முன் அதன் மேல் ஒரு பையைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். வெறுமனே பிடித்து இழுத்தால் வித்துகள் பக்கத்துச் செடிகளுக்குப் பறந்துவிடும். உடையிலும் அவை ஒட்டிக்கொள்ளும் என்பதால், நோயுள்ள வரிசையில் கடைசியாக வேலை செய்யுங்கள்.

இவற்றுக்குத் துணையாக, பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவைத் தெளிக்கலாம். ஆனால் வித்து முளைக்கும் முன்பே அது இலையில் இருந்தாக வேண்டும் என்பதால், இன்னும் பாதிக்கப்படாத இலைகளுக்கே, அவற்றின் அடிப்புறமும் நனையுமாறு தெளிக்க வேண்டும். கடும் வெயில் அந்த நுண்ணுயிரியைக் கொல்லும். இருட்டிய பின் தெளித்தாலோ இலை இரவெல்லாம் நனைந்தே கிடக்கும். ஆகவே வெயில் தணிந்த, ஆனால் இருட்டும் முன் இலை உலர நேரமிருக்கும் பிற்பகலே ஏற்றது. நனையும் கந்தகமும் (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) முன்தடுப்பாகப் பயன்படும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில் அது இலையைக் கருக்கிவிடும்.

கேள்வி: இதே கொடிகளிலிருந்து அடுத்த பருவத்துக்கு விதை எடுக்கலாமா?

பதில்: துரு நோய் விதை வழியே பரவுவதில்லை, அதைப் பொறுத்தவரை எடுக்கலாம். காய்களில் குழி விழுந்த கரும்புள்ளிகள் தென்பட்டால் மட்டும் வேண்டாம். அது ஆந்த்ராக்னோஸ் என்னும் வேறு பூசண நோயாக இருக்கலாம், அது விதைக்குள்ளேயே தங்கி வரும். துருவின் வித்துகள் காய்ந்த கொடிகளிலும் ஊன்றுகோல்களிலும் ஒட்டியிருக்கும். எனவே அறுவடை முடிந்ததும் சருகுகளை ஒன்றுவிடாமல் அகற்றி, கோல்களையும் கயிறுகளையும் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த விதைப்பைத் தொடங்குங்கள்.