‘வேஸ்ட் நாட், வான்ட் நாட்’ மாதிரியான பழைய ஆங்கிலப் பழமொழிகளின் இலக்கணம் ஏன் இவ்வளவு விசித்திரமாக இருக்கிறது? நடுவில் அந்தக் கமா எதற்கு?

இந்தப் பழமொழியில் ‘டோன்ட்’ தொலைந்துபோகவில்லை. வினைக்குப் பின்னால் ‘நாட்’ போட்டாலே மறுப்பு ஆகிவிடும் என்பது பழைய வழக்கு. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும் ‘ஜட்ஜ் நாட்’ என்றுதான் இருக்கும். அப்புறம், இங்கே ‘வான்ட்’ என்றால் விரும்புவது இல்லை, இல்லாமல் தவிப்பது. கமா செய்வது நம் ‘ஆல்’ விகுதியின் வேலை. வீணாக்காமல் இருந்தால் இல்லாமை வராது, அவ்வளவுதான்.

‘ஸ்பேர் த ராட் அண்ட் ஸ்பாயில் த சைல்ட்’ என்பதில் அதே வேலையை ‘அண்ட்’ பார்க்கிறது: பிரம்பை எடுக்காவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும். இரண்டையும் கட்டளையாகப் படித்தால் பிள்ளையைக் கெடுக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும். (பிரம்பு விஷயத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. இலக்கணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

என்னைக் கவிழ்த்தது வேறொன்று: ‘இட் இஸ் அன் இல் விண்ட் தட் ப்ளோஸ் நோபடி எனி குட்.’ பத்தாம் வகுப்பில் இதை விரித்து எழுதச் சொன்னார்கள். கெட்ட காற்று யாருக்கும் நன்மை செய்யாது என்று புரிந்துகொண்டு, ஆலைப் புகை, பஸ் புகை என ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன். பத்துக்கு ஒன்று. அதுவும் கையெழுத்துக்காக இருக்கும்.

பொருள் நேர் எதிர். ஒருத்தருக்குமே நன்மை தராத காற்று என்றால் அது எவ்வளவு கெட்டதாக இருக்க வேண்டும்! அப்படியொன்று வீசுவது அபூர்வம் என்பது வாய்விட்டுச் சொல்லாத பாதி. 1546-இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட பழமொழி நூலிலேயே இது இருக்கிறது. பாய்மரக் கப்பல் காலம் அது; எனக்கு எதிர்க்காற்று என்றால் எதிரே வருகிறவனுக்கு அது சாதகமான காற்று. ‘தட்’டுக்கு முன்னால் கமா இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே ஒரு கமா போட்டுப் படித்தால் நான் எழுதிய புகைக் கட்டுரைதான் வரும்.

‘இட் இஸ் எ குட் ஹார்ஸ் தட் நெவர் ஸ்டம்பிள்ஸ்’ கூட இதே அச்சில் வார்த்ததுதான். இடறவே இடறாத குதிரை எங்கே இருக்கிறது? நாம் ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்று நேராகச் சொல்லிவிடுகிறோம்.

‘த மோர் த மெரியர்’ என்பதில் உள்ள ‘த’ இரண்டும் வழக்கமான ‘த’ அல்ல. பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை ஏற்று நின்ற ஒரு சுட்டுச்சொல்லின் மிச்சம். ‘எவ்வளவு, அவ்வளவு’ என்று படித்தால் சரியாக இருக்கும்: எவ்வளவு பேர் சேர்கிறார்களோ, அவ்வளவு குதூகலம். நடுவில் கமா உங்கள் இஷ்டம்.

கடைசியாக, ‘ஆல் தட் கிளிட்டர்ஸ் இஸ் நாட் கோல்ட்.’ மின்னும் எதுவுமே தங்கமில்லை என்று பொருளாகிறதே, ‘நாட் ஆல்’ என்றல்லவா தொடங்க வேண்டும் என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனிலும் ‘கிளிஸ்டர்ஸ்’ என்ற சொல்லோடு இதே அமைப்புதான். நம் ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ மட்டும் என்னவாம்? அதைக் கேட்டுவிட்டு யாரும் கழுத்துச் சங்கிலியை உரசிப் பார்க்க ஓடியதில்லை.