புதன்கிழமை காணாமல் போன நண்டு வலை: புகார் செல்லுமா?

செல்லும். ஆனால் நாள் முறையை (எந்தப் படகு எந்த நாளில் கடலுக்குப் போகலாம் என்பதை) வைத்து எழுதாதீர்கள், தூரத்தை வைத்து எழுதுங்கள். செவ்வாய் மாலை நாட்டுப்படகில் போய் விட்ட வலை, புதன் பகலில் போனபோது இல்லை என்கிறீர்கள். ராமேஸ்வரம் பக்கம் வாரம் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு. திங்கள், புதன், சனி விசைப்படகுக்காரர்கள் நாள். புதன் விடிந்தபின் உங்கள் வலை அவர்கள் நாளில் கிடந்திருக்கிறது. அதனால் நாள் முறையை வைத்து எழுதினால் புகார் நிற்காது.

தூரம் வேறு கணக்கு. தமிழ்நாட்டின் 1983 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தில் கரையிலிருந்து 3 கடல் மைல் என்றிருந்தது, பிறகு வந்த விதிகளில் 5 ஆனது. அதற்குள் எந்த நாளிலும் விசைப்படகு மடி (இழுவலை) இழுக்கக் கூடாது. 5 கடல் மைல் என்றால் சுமார் 9 கிலோமீட்டர்.

1. வலை விட்ட இடத்தின் ஜிபிஎஸ் குறி இருக்கிறதா? கரையிலிருந்து அளந்து பாருங்கள்.
2. மிச்சமிருக்கும் கயிற்று நுனியைப் பாருங்கள். நார் நாராகப் பிரிந்திருந்தால் இழுபட்டது. ஒரே வெட்டாக இருந்தால் கத்தி. படம் எடுத்த பிறகு கயிற்றைத் தொடுங்கள்.

இரண்டையும் சேர்த்து மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ச்சொல்லோடு நின்றால் ஒன்றும் நடக்காது. ஒரு வலை போனால் ஒரு வீட்டின் வருமானமே போகிறது, அதனால் விடாதீர்கள்.

ஒன்று மட்டும்: வேலைநிறுத்தம், காற்று எச்சரிக்கை வந்தால் நாள் மாறும். விசைப்படகுகளுக்கு டோக்கன் (கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டு) கொடுக்கிறார்களா என்று முந்தைய நாளே கேட்டுவிட்டு வலை விடுங்கள்.