கல்யாணத்துக்குப் பிறகும் பெண்களின் நட்பு நீடிக்க என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் யாரும் மறுக்க முடியாத ஒரு சாக்கு வேண்டும். "நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கலாம்" என்று விட்டால் அந்த நேரம் வரவே வராது. ஆண்களில் பலர் பிறந்த ஊரிலேயே இருந்துவிடுவதால் டீக்கடையிலேயே அவர்களுடைய நட்பு ஓடிவிடும். நாம்தான் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்து போகிறோம். "பிரெண்டைப் பார்த்துட்டு வர்றேன்" என்றால், "இப்ப என்ன அவசரம்?" என்பார்கள்.

எங்களுக்கு வாய்த்த சாக்கு சித்திரைத் திருவிழா. மதுரையில் ஒன்றாகப் படித்த நான்கு பேர், ராஜபாளையம், கோவை என்று வாக்கப்பட்டுப் போனோம். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று பெண்கள் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம். அதற்காக அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால் எந்த மாமியார் வேண்டாம் என்பார்? கயிறு மாற்றி, மொய் எழுதி, சேதுபதி பள்ளியில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு, சாயங்காலம் வரை பேசித் தீர்ப்போம். பாதிப் பேச்சு சண்டைதான். அதுவும் வேண்டியிருந்தது.

பிறகு எங்களில் ஒருத்தியின் கணவர் தவறிவிட்டார். அடுத்த சித்திரைக்கு அழைத்தபோது, "எனக்கு அங்க என்னடி வேலை?" என்று போனை வைத்துவிட்டாள். எல்லோரும் கயிறு மாற்றும் இடத்தில் அவளைத் தனியாக நிற்கவிட எங்களுக்கும் மனசில்லை. சரி, சந்திக்கும் நாளையே மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தோம். அழகர் வைகை ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள், மலையிலிருந்து மதுரைக்குள் வரும் அவரை எதிர்கொண்டு வரவேற்பார்கள், அதுதான் எதிர்சேவை. அங்கே தாலிக்கும் கயிறுக்கும் வேலையில்லை. சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாயை வாழையிலையால் கட்டி, சூடம் ஏற்றி அவள் கையில்தான் கொடுத்தோம். தல்லாகுளத்துக் கூட்டத்துக்கு நடுவில் "கோவிந்தா!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாங்களே ஒரு கணம் திகைத்துப்போனோம். அப்புறம் அழுதாள், பசிக்கிறது என்றாள். அன்றிலிருந்து எங்கள் நாள் எதிர்சேவைதான். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் பக்தர்களை அனுமதிக்கவில்லை. அப்போதும் அந்த ராத்திரி வீடியோ காலில் உட்கார்ந்திருந்தோம்.

திருவிழாதான் என்றில்லை. 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்து மற்ற மாவட்டங்களுக்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பாருங்கள். சேமிப்பும் கடனும்தான் நோக்கம். ஆனால் என் சித்தி கடனை எப்போதோ அடைத்துவிட்டார், குழுக் கூட்டத்தை மட்டும் விட்டதில்லை. "பணம் கட்டப் போறேன்" என்று கிளம்புகிறவரை வீட்டில் யாரும் நிறுத்துவதில்லை.

உங்கள் தோழிகள் பக்கத்து ஊர்களில் இருந்தால் ஒரு குலுக்கல் சீட்டு போடுங்கள், மாசம் ஐந்நூறு ரூபாய் போதும். சீட்டுப் பணத்தை மட்டும் ஜிபேயில் அனுப்ப விடாதீர்கள். மாசம் ஒருத்தர் வீடு என்று வைத்து, குலுக்கலை நேரில்தான் நடத்த வேண்டும்.