பழம்பொருள்களை இளைஞர்கள் வாங்குகிறார்களா?

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், இந்த வியாபாரம் நம் தலைமுறையோடு முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கீழக்கரையில் அப்படியொரு கடை நடத்தும் எனக்கு அந்த அச்சம் இப்போது இல்லை.

முன்பெல்லாம் வாங்க வந்தவர்கள் வசதியான பெரியவர்கள்; பர்மாத் தேக்குப் பெட்டகம், தூண், நிலைக்கதவு ஆகியவற்றையே தேடினார்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வாடகை வீட்டில் குடியிருக்கும் இன்றைய இளைஞரால் நிலைக்கதவை வாங்கி எங்கே வைக்க முடியும்? அவர்கள் வெற்றிலைச் செல்லம், எனாமல் தட்டு, ஊறுகாய் ஜாடி, தோணியில் கயிறு ஓடித் தேய்ந்த மரக்கப்பி என்று கைக்கு அடக்கமானவற்றையே எடுக்கிறார்கள். எடுத்ததைப் புழங்கவும் செய்கிறார்கள். பித்தளையைப் புளி போட்டுத் துலக்க வேண்டாம், நிறம் மாறியபடியே கொடுங்கள் என்று கேட்டு வாங்குபவர்களும் அவர்கள்தாம்.

விலையைக் கேட்பதற்கு முன், இது யார் வீட்டில் எதற்குப் பயன்பட்டது என்று அவர்கள் கேட்பதை நான் மிகவும் மதிக்கிறேன். எடைக்குப் போடுவதற்காக ஒதுக்கியிருந்த பித்தளைக் குவியலிலிருந்து தானியம் அளக்கும் படி ஒன்றை எடுத்த தேவிபட்டினத்துத் தம்பி ஒருவர், அதன் விளிம்பில் இருந்த முத்திரையைக் காட்டி விளக்கம் கேட்டார். லிட்டர் கணக்கு வருவதற்கு முன், எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று அளந்த காலத்தில், அளவு சரிதான் என்பதற்கு அதிகாரிகள் குத்திய முத்திரை அது என்று நான் சொன்னபோதுதான், உருக்கும் உலைக்குப் போகவிருந்தது என்னவென்று எனக்கே உறைத்தது. அன்றே அந்தக் குவியல் முழுவதையும் பிரித்துப் பார்த்தேன்.

இந்த ஆர்வத்தைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது வருத்தமளிக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பியது என்று சொன்னால் எந்தத் துருப்பிடித்த விளக்குக்கும் விலை ஏறிவிடுகிறது. ஓர் இரவில் ஊரும் ரயிலும் கடலோடு போன துயரத்தை அப்படி விற்பது பாவம் என்றே நினைக்கிறேன். யாரிடமிருந்து வந்தது என்று கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால், பொருளுக்கு மட்டும் விலை கொடுங்கள்; கதைக்குக் கொடுக்க வேண்டாம்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறை முடிந்து திரும்பும்போது எடுத்துச் செல்வதற்காக வாங்குகிறார்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள்களும் பிற பழம்பொருள்களும், எழுபத்தைந்து ஆண்டுக்குக் குறையாத மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடிகளும் தொல்பொருள் கணக்கில் வருகின்றன. அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. வயது ஐயத்துக்குரியதாக இருந்தால், தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நல்லது. என்னிடம் உரிமம் இல்லாததால், நூறாண்டை எட்டியிருக்கும் என்று தோன்றும் எதையும் நான் வாங்குவதில்லை.

அந்தப் பித்தளைப் படியை விற்ற நாளிலிருந்து, கொடுத்தவரின் ஊரையும் பொருளின் பயனையும் ஒரு நோட்டில் எழுதி, வாங்குபவருக்கு அந்தப் பக்கத்தின் நகலைக் கொடுத்து வருகிறேன்.