கஞ்சா வழக்கில் ஜாமீன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தம்பி போன காரில் 24 கிலோ கஞ்சா பிடிபட்டது. அவன்மேல் இதுதான் முதல் வழக்கு. ஜாமீன் ஏன் கிடைக்க மாட்டேன் என்கிறது?

பதில்: 20 கிலோவைத் தாண்டினாலே கஞ்சா வணிக அளவு ஆகிவிடும், அப்புறம் என்டிபிஎஸ் எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37-வது பிரிவு குறுக்கே நிற்கும். அரசு வழக்கறிஞர் எதிர்த்தால், இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே வந்தால் குற்றம் செய்ய மாட்டார் என்ற இரண்டிலுமே நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். முதல் வழக்கு என்பது இரண்டாவதற்குத்தான் உதவும். முதலாவதற்குக் கார் யாருடையது, மூட்டை எங்கே இருந்தது, அது தம்பிக்குத் தெரியும் என்று காட்ட போலீசிடம் என்ன இருக்கிறது என்பதைத்தான் வாதாட வேண்டும். குடும்பக் கஷ்டத்தை மட்டுமே பக்கம் பக்கமாக எழுதிய மனுக்களைப் பார்த்தால் மனசு வேதனைப்படுகிறது, ஏனென்றால் இந்தப் பிரிவு அதைக் கேட்கவே இல்லை.

கேள்வி: 3 கிலோ என்றால்?

பதில்: 37 வராது, வழக்கமான ஜாமீன் விதிகள்தான். ஆனால் கடத்தலுக்குப் பணம் கொடுப்பது, கடத்தியவர்களுக்கு அடைக்கலம் தருவது பற்றிய 27-ஏ பிரிவைச் சேர்த்திருக்கிறார்களா என்று எஃப்ஐஆரைப் பாருங்கள், சேர்த்திருந்தால் அளவு குறைவானாலும் 37 வந்துவிடும்.

கேள்வி: கூடப் பிடிபட்டவர் அதிகாரியிடம் என் பெயரைச் சொன்னார், வேறு ஆதாரமே இல்லை.

பதில்: உங்களுக்குச் சாதகமான விஷயம் இது. 67-வது பிரிவில் அதிகாரிகள் வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக ஏற்க முடியாது என்று தூஃபான் சிங் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போன் பேச்சு, பணப் பரிமாற்றம் என்று வேறு ஏதாவது காட்டுகிறார்களா என்பதுதான் அடுத்த கேள்வி.

கேள்வி: அண்ணன் உள்ளே போய் 5 வருஷம் ஆகிறது, விசாரணை நகரவே இல்லை.

பதில்: முகமது முஸ்லிம் வழக்கை (2023) உங்கள் வக்கீல் கட்டாயம் காட்ட வேண்டும். அவர் 7 வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தும் 34 சாட்சிகள் பாக்கி. விசாரணை இப்படி அநியாயத்துக்கு இழுத்தால் 37 இருந்தாலும் ஜாமீன் தரலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஒவ்வொரு வாய்தாவும் யாரால் தள்ளிப்போனது என்று தேதிவாரியாக எழுதிக் கொடுங்கள், தாமதம் உங்கள் தரப்பால் என்றால் வாதம் பலவீனமாகிவிடும்.

கேள்வி: குற்றப்பத்திரிகை இன்னும் வரவில்லையே?

பதில்: வணிக அளவுக்குக் கெடு 180 நாள். அரசு வழக்கறிஞர் காரணங்களோடு அறிக்கை கொடுத்தால் ஒரு வருஷம் வரை நீட்டலாம். நீட்டாமல் கெடு முடிந்தால் 37-ஐப் பற்றிய பேச்சே இல்லாமல் ஜாமீன் உரிமை, ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே மனுப் போட்டிருக்க வேண்டும், அதனால் 181-வது நாள் காலையிலேயே தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.