குடும்பத்தை எதற்கு அழைக்கிறார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

முன்பு ஒரு கட்டுரையில் சால்வதோர் மினுச்சின் என்ற மனநல மருத்துவரைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தீர்கள். என் அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து எலும்பும் தோலுமாகிவிட்டாள். மருத்துவர், வீட்டில் எல்லோரும் சேர்ந்து வரவேண்டும் என்கிறார். “நோய் அவளுக்கு. எங்கள்மேல் பழிபோடக் கூப்பிடுகிறாரா?” என்று அக்காவும் மாமாவும் கொதிக்கிறார்கள். மினுச்சின் சொன்னதும் இதுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அக்காவின் கோபம் நியாயமானதுதான். அதற்கு மினுச்சினும் ஒரு காரணம். ஆனால் அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பது பிடிபடும்.

1921இல் அர்ஜென்டினாவின் ஒரு சிறுநகரத்தில், ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மாணவராக இருந்தபோது பெரோன் ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போனார். 1948இல் இஸ்ரேல் ராணுவத்தில் மருத்துவர். பிறகு அமெரிக்காவில் குழந்தை மனநலம் படித்தார், உளப்பகுப்பாய்விலும் பயிற்சி பெற்றார். இதுவரை, அந்தத் தலைமுறையின் படித்த யூத இளைஞர்கள் பலருடைய கதைதான்.

திருப்பம் நியூயார்க் மாநிலத்தில் இருந்த வில்ட்விக் பள்ளியில் வந்தது. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களிலிருந்தும் புவெர்ட்டோ ரிக்கோ குடும்பங்களிலிருந்தும் வந்த, சட்டத்தோடு மோதிய சிறுவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். ‘மனதில் தோன்றுவதைச் சொல்’ என்று கேட்கும் உளப்பகுப்பாய்வு அவர்களிடம் எடுபடவில்லை. பள்ளியில் ஓரளவு தேறிய பையன் வீட்டுக்குப் போனதும் பழையபடி ஆனான். சரி, வீட்டையே வரவழைப்போம் என்று மினுச்சினும் நண்பர்களும் முடிவுசெய்தார்கள். எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர ஆளில்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்க முடிகிற ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் வேலையை மற்றவர் பார்த்தே கற்றார்கள். அந்த அனுபவம் 1967இல் புத்தகமானது.

1965இல் ஃபிலடெல்ஃபியாவின் குழந்தைகள் வழிகாட்டு மருத்துவமனைக்குத் தலைவரானார். அங்கே அவர் செய்த ஒரு காரியத்தை, புத்தகங்களைவிட மேலாக நான் மதிக்கிறேன். கல்லூரி வாசலே மிதிக்காத உள்ளூர் மக்களைத் தேர்ந்தெடுத்து, குடும்ப ஆலோசகர்களாகப் பயிற்சி கொடுத்தார். பட்டம் பெற்றவர்களுக்கு இது ரசிக்காதுதான்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமானது அவருடைய ‘மதிய உணவு அமர்வு’. சாப்பிட மறுக்கும் பெண்ணையும் பெற்றோரையும் சாப்பாட்டு நேரத்துக்கு வரச்சொல்வார். தட்டு முன்னால் வந்ததும், அவளைச் சாப்பிட வையுங்கள் என்பார். அம்மா கெஞ்சுவாள், அப்பா அதட்டுவார். அதட்டும்போது அம்மா பெண் பக்கம் சாய்வாள், கெஞ்சும்போது அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டில் தினமும் நடப்பது அறைக்குள் அப்படியே நடக்கும். மினுச்சின் விளக்கவுரை சொல்லமாட்டார். எழுந்து நாற்காலியை மாற்றிப் போடுவார். பெற்றோருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தள்ளி உட்காரவைத்து, ‘நீங்கள் இருவரும் பேசுங்கள்’ என்பார். குறுக்கே யார் பேசினாலும் கையமர்த்துவார்.

இன்னொன்று நீரிழிவு உள்ள குழந்தைகள். மருத்துவமனையில் இன்சுலினுக்குக் கட்டுப்படும் நோய், வீட்டுக்குப் போனதும் எகிறி, ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலைக்கு இழுத்துவிடும். பெற்றோரை வாக்குவாதம் செய்யவிட்டு, குழந்தையைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கவைத்தார்கள், பிறகு உள்ளே அழைத்தார்கள். மன அழுத்தத்தில் ஏறும் கொழுப்பமிலங்களை எல்லோருடைய ரத்தத்திலும் அளந்தார்கள். குழந்தை உள்ளே வந்தபின் பெற்றோருக்கு இறங்கியது, குழந்தைக்கு ஏறியது. சோதிக்கப்பட்ட குடும்பங்கள் கொஞ்சம்தான்.

இங்கேதான் அவர் ஒரு படி தாண்டிவிட்டார் என்பது என் எண்ணம். குடும்பத்தின் நடைமுறை நோயை நீடிக்கச் செய்யலாம் என்பது வேறு, குறிப்பிட்ட வகைக் குடும்பம்தான் நோய்க்கு விளைநிலம் என்பது வேறு. 1978இல் வந்த அவருடைய புத்தகம் இரண்டாவதை நோக்கிச் சாய்ந்தது. பசியின்மை நோய் (அனொரெக்ஸியா; சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் உடல் மெலியும் நோய்) உள்ள 53 பேரில் 86 சதவீதம் குணம் என்றும் சொன்னது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத கணக்கு அது. பெற்றோர்தான் காரணம் என்ற கருத்தை இன்று இந்தத் துறை கைவிட்டுவிட்டது.

ஆனால் சிகிச்சை நிலைத்தது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையினர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், பத்தொன்பது வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்று வருடத்துக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குக் குடும்ப சிகிச்சை, நோயாளியை மட்டும் பார்க்கும் தனி சிகிச்சையைவிடப் பலன் தந்தது. அதிலிருந்து வளர்ந்த இன்றைய முறை பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில்லை. பிள்ளைக்குத் தெம்பு வரும்வரை சாப்பாட்டுப் பொறுப்பை அவர்கள் கையில் கொடுக்கிறது. வேளாவேளைக்கு மருத்துவரா வந்து ஊட்டப்போகிறார்?

ஆகவே அக்காவும் மாமாவும் போகட்டும், தம்பி தங்கை இருந்தால் அவர்களும். முதல் அமர்விலேயே ‘நீங்கள்தான் காரணம்’ என்று ஆரம்பித்தால் வேறு மருத்துவரைப் பார்க்கலாம். அதற்கு முன் ஒன்று: அவளுடைய எடை, நாடித்துடிப்பு, ரத்தத்தில் பொட்டாசியம் மூன்றையும் உடனே பார்த்துவிடச் சொல்லுங்கள். மயக்கம் வருகிறதென்றால் அமர்வுக்காகக் காத்திருக்கவேண்டாம், நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.