ஐப்பசியில் அடைத்துக்கொள்ளும் அஞ்சு எம்.எம். சல்லடை

கேள்வி: ராதாபுரம் பக்கம் கல் கிரஷர் ஓட்டுகிறோம். 5 அடிக்கு 16 அடி, மூன்று டெக் (அடுக்கு) வைப்ரேட்டிங் ஸ்கிரீன். மேலே 20, நடுவில் 12, அடியில் 5 மி.மீ. மெஷ் (கம்பி வலை). ஓட்டம் 850 ஆர்.பி.எம்., ஸ்ட்ரோக் (பெட்டி ஆடும் தூரம்) 9 மி.மீ. சித்திரை, வைகாசியில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அடி டெக் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. கால் இஞ்ச் சிப்ஸோடு டஸ்ட்டும் சேர்ந்து விழுகிறது. "புல்லிய மாத்தி 950-க்கு ஏத்திட்டா எல்லாம் தானா உதிர்ந்துரும் அண்ணாச்சி"ன்னு ஃபிட்டர் சொல்லுதாரு. மாற்றலாமா? இல்லை, தண்ணீர் அடித்துச் சலிப்பதுதான் வழியா?

பதில்: புல்லியில் கை வைக்க வேண்டாம். தண்ணீர் யோசனையை இந்த மழைக்காலம் முடிந்த பிறகு பார்க்கலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய, அதிகம் செலவு வைக்காத வேலைகள் சில இருக்கின்றன.

புல்லியை ஏன் விட்டுவிடச் சொல்கிறோம் என்றால், 9 மி.மீ. ஸ்ட்ரோக்கைத் தீர்மானிப்பது ஷாஃப்டில் மாட்டியிருக்கும் எதிர்எடையும், ஆடுகிற பெட்டியின் மொத்த எடையும்தான். வேகத்துக்கு அதில் பங்கில்லை. 950-க்கு ஏற்றினாலும் பெட்டி அதே 9 மி.மீ.தான் ஆடும், இன்னும் அவசரமாக ஆடும், அவ்வளவே. அந்த அவசரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஸ்ட்ரோக்கை மி.மீ.யில் எடுத்து, ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தால் பெருக்கி, 17,89,000-ஆல் வகுத்தால் புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு உதறல் என்பது தெரியும். இப்போது உங்களுக்கு 3.6 மடங்கு, அதாவது 3.6 ஜி. சரிவான ஸ்கிரீனுக்கு இது நல்ல அளவு. 950-இல் அது 4.5 ஜி ஆகிவிடும். பேரிங் மேல் விழும் சுமை 25 சதவீதம் கூடும். ரோலர் பேரிங்கின் ஆயுள் சுமைக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். கணக்குப் போட்டால் இப்போதைய ஆயுளில் சுமார் 43 சதவீதம்தான் மிஞ்சும். சைடு பிளேட்டுக்கும் குறுக்குக் குழாய்க்கும் அதே கதி. விரிசல் முதலில் தெரிவது அங்கேதான்.

ஈரத் தூள் ஒட்டுவதை உதறித் தள்ள வேண்டுமானால் ஸ்ட்ரோக் கூட வேண்டும், வேகம் சற்றுக் குறைய வேண்டும். ஃபிட்டர் சொல்வதற்கு நேர் எதிர்த் திசை. 10 மி.மீ. ஸ்ட்ரோக், 800 ஆர்.பி.எம். என்று வைத்துப் பாருங்கள்: உதறல் அதே 3.6 ஜி, பேரிங் சுமையும் ஏறக்குறைய அதேதான், ஆனால் மெஷ்ஷை விட்டுக் கல் எழும்பும் உயரம் கூடுகிறது. எதிர்எடையில் கூடுதல் தகடு மாட்ட இடம் இருக்கிறதா, எத்தனை தகடு வரை போகலாம் என்பது தயாரிப்பாளர் கொடுத்த தாளில் இருக்கும். அதைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில்தான் மாட்ட வேண்டும். ஒரு பக்கம் கூடினால் பெட்டி கோணலாக ஆடி, ஒரு மூலை ஸ்பிரிங் மட்டும் அடிக்கடி உடையும்.

இது எந்த வகை அடைப்பு என்று பார்த்தீர்களா? மோட்டாரை நிறுத்தி, ஸ்டார்ட்டரில் பூட்டுப் போட்டு, சாவியை மேலே ஏறுகிறவர் தன் பையில் வைத்துக்கொண்டு ஏறட்டும். (ஓடும் ஸ்கிரீன் மேல் நின்று கம்பி பிரஷ்ஷால் தட்டும் பழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.) கண்ணுக்குக் கண் ஒரு கல் செருகி நின்றால் அது செருகல். மெஷ் கண்ணுக்குக் கிட்டத்தட்ட சமமான அளவுள்ள கற்கள் அதிகம் வருவதால் நேர்வது. வெயில் காலத்திலும் அது இருக்கும். கம்பியைச் சுற்றிச் சாந்து பூசியது போலத் தூள் அப்பி, கண் நேரம் ஆக ஆகச் சுருங்கிக்கொண்டு வந்தால் அது ஈர ஒட்டல். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை. மெஷ் அடைந்தால் கீழே போக வேண்டிய டஸ்ட் போக வழியில்லாமல் சிப்ஸோடு சேர்ந்து போகிறது.

ஈரம் எவ்வளவு என்பதைச் சமையலறைத் தராசிலேயே அளக்கலாம். அடி டெக்குக்கு வரும் மாலில் ஒரு கிலோ எடுத்து, இரும்புச் சட்டியில் வறுத்து, ஆறவைத்து மறுபடி எடை போடுங்கள். 960 கிராம் இருந்தால், போன 40 கிராமை 960-ஆல் வகுக்க, 4.2 சதவீதம் ஈரம். 5 மி.மீ. கண்ணுக்கு 2 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. 4 முதல் 8 வரைதான் நரகம். முழுவதும் நனைந்து குழம்பாகிவிட்டால் மறுபடி நன்றாகச் சலிக்கும். அதாவது ஒன்று காய்ந்திருக்க வேண்டும், இல்லை குளிக்க வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. ஸ்கிரீன் மேல் ஒரு ஹோஸைப் பிடித்துத் தெளிப்பதால் தொல்லை கூடுவது இதனால்தான்.

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? வானத்தை மட்டும் பழி சொல்ல முடியாது. ஜா கிரஷரிலும் கன்வேயர் விழும் இடங்களிலும் தூசு அடங்கத் தண்ணீர் தெளிக்கும் நாசில்கள் இருக்குமே, ஆடிக் காற்றில் அவை கட்டாயம் தேவை. பணகுடிக் காற்று அடிக்கும்போது அவை இல்லாமல் ஓட்டினால் ஊரே புகார் சொல்லும். ஆனால் ஆடியில் திறந்த வால்வு ஐப்பசியிலும் அதே அளவில் திறந்தே கிடக்கும். மழை நாளில் தூசு தானாக அடங்கியிருக்கும்போது அந்த வால்வுகளை மூடுங்கள். அடுத்தது, வி.எஸ்.ஐ.க்கு (கல்லை மணலாக உடைக்கும் கிரஷர்) போகும் கன்வேயருக்கு மேல் வளைந்த தகரக் கூரை. மூன்றாவதுதான் முக்கியம்: மண். குவாரியின் மேல்மண், செவல் மண் கல்லோடு சேர்ந்து லாரியில் வந்தால் மழையில் அது களியாகி மெஷ்ஷில் பசை போல ஒட்டும். வெறும் கல்தூள் அவ்வளவு பிடிவாதமாக ஒட்டாது. ஃபீடரின் கிரிஸ்லி கம்பிகளுக்கு (மண்ணையும் பொடியையும் கீழே விடும் இடைவெளிக் கம்பிகள்) கீழே விழுவதை ஜா கிரஷருக்கு அனுப்பாமல் வெளியே தள்ளும் பைபாஸ் சூட் (சரிவுப் பாதை) இருந்தால், கார்த்திகை முடியும்வரை அதைத் திறந்தே வையுங்கள். கொஞ்சம் மால் நஷ்டம்தான். ஆனாலும் அதை நிரவும் கிராவலாக விற்கலாம், மணலில் களிமண் கலப்பதும் குறையும்.

இனி மெஷ். 5 மி.மீ. கண்ணுக்கு என்ன கம்பி போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சீக்கிரம் தேயக்கூடாது என்று 3 மி.மீ. கம்பி வாங்குவது பலரின் வழக்கம். கணக்குப் பாருங்கள்: 5 மி.மீ. கண், 3 மி.மீ. கம்பி என்றால் மெஷ்ஷில் திறந்த இடம் 39 சதவீதம்தான். 2 மி.மீ. கம்பியில் அது 51 சதவீதம். அதே ஸ்கிரீன், அதே மோட்டார், ஆனால் தூள் கீழே இறங்கக் கால் பங்குக்கு மேல் அதிக இடம். மெல்லிய கம்பி சீக்கிரம் போகும் என்பது உண்மை. ஆனால் மழைக்கு ஒரு செட், வெயிலுக்கு ஒரு செட் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

அதைவிட நல்ல வழி, அடி டெக்குக்கு மட்டும் பியானோ ஒயர் மெஷ். இதில் குறுக்குக் கம்பி கிடையாது. நெடுகப் போகும் ஸ்பிரிங் ஸ்டீல் கம்பிகளை இடையிடையே ரப்பர் அல்லது பியூ (பாலியூரித்தேன்) பட்டை மட்டும் பிடித்திருக்கும். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே அதிர்வதால் அப்பும் தூளைத் தானே உதிர்த்துவிடும். சதுரக் கண்ணுக்குப் பதில் நீளப் பிளவு இருப்பதால் தட்டைக் கல்லும் நழுவிப் போகும் என்பதை மறக்கக் கூடாது. 5 மி.மீ. சதுரத்துக்கு ஈடாக 4 மி.மீ. பிளவில் தொடங்கி, கீழே விழும் மணலை 4.75 மி.மீ. சோதனைச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதிப்படி மணலில் 90 முதல் 100 சதவீதம் வரை அதைக் கடந்தாக வேண்டும். கம்பியின் நீளம் மால் ஓடும் திசையில் இருக்கும்படி மாட்ட வேண்டும். கெட்டியான பியூ பேனலை இந்த இடத்தில் தண்ணீர் அடிக்காமல் சலிக்கும் மாலுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஆயுள் நீளம்தான், ஆனால் திறந்த இடம் குறைவு.

எந்த மெஷ் ஆனாலும் இழுப்பு சரியில்லாவிட்டால் அடைப்பும் வரும், உடைவும் வரும். தளர்ந்த மெஷ் பெட்டியோடு சேர்ந்து ஆடாமல் தனியாகத் துள்ளும். டென்ஷன் பிளேட் போல்ட்டுகளை இரண்டு பக்கமும் மாறி மாறி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்படி முறுக்குங்கள். முதல் நான்கு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி மறுபடி முறுக்குவது கட்டாயம், ஏனெனில் புது மெஷ் இளகிக் கொடுக்கும். கீழே தாங்கும் பட்டைகளின் மேல் உள்ள சேனல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய மெஷ்ஷைத் தூக்கி எறியும் முன் அது எங்கே கிழிந்திருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். தாங்கு பட்டையின் மேல் நேர்கோடாக அறுந்திருந்தால் ரப்பரோ இழுப்போ சரியில்லை. ஓரத்தில் கொக்கி வளைவிலேயே அறுந்திருந்தால் கொக்கியும் டென்ஷன் பிளேட்டும் பொருந்தவில்லை. மால் விழும் தலைப்பக்கத்தில் பள்ளமாகத் தேய்ந்து கிழிந்திருந்தால், கல் மிக உயரத்திலிருந்து விழுகிறது. கம்பி எல்லா இடத்திலும் ஒரே சீராக மெலிந்து போயிருந்தால் மட்டும் அது உழைத்து ஓய்ந்த மெஷ்.

மால் விழும் விதத்தையும் கவனியுங்கள். 5 அடி அகலம் இருந்தும் கன்வேயர் நடுவில் கொட்டினால் மூன்றடி அகலம்தான் வேலை செய்யும். தலைப்பக்கத்தில் ஃபீட் பாக்ஸ் வைத்து, உள்ளே கல் தேங்கி அகலமாகப் பரவும்படி ஒரு தடுப்புத் தகடு போடலாம். அடி டெக்கின் வால்பக்கத்தில் மால் படுக்கையின் உயரம் கண்ணைப் போல நான்கு மடங்குக்குள் இருக்க வேண்டும், அதாவது 20 மி.மீ. அதற்கு மேல் இருந்தால் மேலே இருக்கும் தூள் மெஷ்ஷைத் தொடாமலேயே வெளியே போய்விடும். வழக்கமான லோடில் நிறுத்தி ஸ்கேல் வைத்து அளந்தாலே தெரிந்துவிடும். மழை நாளில் ஃபீடைக் குறைப்பது கசப்புதான், ஆனால் சிப்ஸை மறுபடி சலிக்கும் கூலியையும் டீசலையும் சேர்த்துப் பார்த்தால் அப்படிக் கசக்காது.

ஸ்ட்ரோக் உண்மையிலேயே 9 மி.மீ. இருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். நான்கு மூலையிலும் சைடு பிளேட்டில் வெள்ளை அட்டை ஒட்டி, தரையில் ஊன்றிய தாங்கியில் பென்சிலைக் கட்டி, ஓட்டத்தில் ஒரு நொடி மட்டும் தொடவிட்டால் வட்டமோ நீள்வட்டமோ வரையும். அதன் நெடுக்குதான் ஸ்ட்ரோக். இடது, வலது இரண்டிலும் ஒரே அளவு வர வேண்டும். 1 மி.மீ. வித்தியாசம் வந்தாலே ஸ்பிரிங் உயரத்தையும் எதிர்எடையையும் பாருங்கள். ஸ்பிரிங் அடியில் டஸ்ட் குவிந்து, மழையில் இறுகிக் காங்கிரீட் மாதிரி ஆகியிருப்பதும் உண்டு. அங்கே மண்வெட்டி ஒன்றே போதும். நிறுத்தும்போது பெட்டி பெரிதாக ஆடி ஓயும். அதனால் சுற்றிலும் சூட், கைப்பிடி, தகடு எதுவும் இரண்டு அங்குலத்துக்குள் இருக்கக் கூடாது.

பேரிங் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் புல்லி பேச்சு வந்ததால் ஒன்று. மாற்றும்போது சி4 கிளியரன்ஸ் (சி3-ஐவிட உள்ளே கூடுதல் இடைவெளி) உள்ள, வைப்ரேட்டிங் ஸ்கிரீனுக்கென்றே வரும் ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங்தானா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் சி3 கையில் இருந்தால் அதைக் கொடுத்துவிடுவார்கள். சூடேறி இறுகிவிடும். கிரீஸ் ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதற்குப் பொதுவான கணக்கு: வெளிவிட்டம், அகலம் இரண்டையும் மி.மீ.யில் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் கிராம். 22320 பேரிங்குக்கு 215, 73 என்று போட்டால் சுமார் 78 கிராம். உங்கள் கிரீஸ் கன் ஒரு அழுத்தலுக்கு எத்தனை கிராம் தருகிறது என்று ஒரு தாளில் பத்து முறை அழுத்தி எடை போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழியும்வரை அடிப்பது பேரிங்கைச் சுட வைக்கும். சைடு பிளேட்டில் விரிசல் கண்டால் வெல்டிங் ராடை எடுக்க வேண்டாம். விரிசலின் முனையில் ஓட்டை போட்டு நிறுத்திவிட்டுத் தயாரிப்பாளரைக் கூப்பிடுங்கள். கட்டாயம் வெல்ட் வைத்தே ஆக வேண்டுமென்றால் எர்த் கிளாம்ப் வெல்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கரண்ட் பேரிங் வழியே பாய்ந்தால் ரோலரில் குழி விழும்.

தண்ணீர் அடித்துச் சலிப்பது பற்றி. நாசில் பைப் நான்கு போட்டால் முடிந்துவிடும் காரியம் அல்ல அது. டன்னுக்கு ஏறக்குறைய 1000 லிட்டர் வேண்டும். அடி டெக்கில் மணிக்கு 60 டன் என்றால் 60,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் மணிக்கு ஐந்து. ராதாபுரம் வட்டாரத்தில் அதற்கு எங்கே போவது? தொட்டியில் தெளியவைத்துத் திரும்ப எடுத்தால்தான் கட்டுப்படியாகும். கீழே விழுவது குழம்பாக இருப்பதால் சாதாரண கன்வேயர் தாங்காது. சூட், மணல் கழுவும் ஸ்குரூ வாஷர், நீரை வடிக்கும் டீவாட்டரிங் ஸ்கிரீன் என்று ஒரு வாஷ் பிளான்ட்டே வேண்டும். அதில் மணலைக் கழுவும்போது நுண்தூளும் போய்விடும். 75 மைக்ரானுக்குக் கீழ் 15 சதவீதம் வரை உடைத்த மணலில் இருக்க ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது. எல்லாவற்றையும் கழுவித் தள்ளினால் மணல் சொரசொரவென்று ஆகி, தாமிரபரணி மணலில் கை பழகிய கொத்தனார் முகம் சுளிப்பார்.

பிற்பாடு வாஷ் பிளான்ட் போட்டால் டீவாட்டரிங் ஸ்கிரீன் விஷயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அதில் இரண்டு வைப்ரேட்டர் மோட்டார்கள் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும். அப்போதுதான் இரண்டின் உதறலும் சேர்ந்து ஒரே நேர்கோட்டில் மணலை மேல்நோக்கித் தள்ளும். கேபிளைக் கழற்றி மாட்டும்போது ஒன்றில் பேஸ் (மின் கம்பிகளின் வரிசை) மாறிப்போனால் இரண்டும் ஒரே திசையில் சுற்றும். மோட்டார் ஓடும், சத்தம் வரும், மணல் மட்டும் இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருக்கும்.